செவ்வந்தி என்பது நான்தான்

உள்ள வாங்க தாயி. ஃபேனைப் போடுறேன், உக்காருங்க. நீங்க பெல் அடிச்ச விதத்துலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்ஷூரன்ஸ்தானே? இல்லையா? காலேஜா? ஆராய்ச்சியா? ம். தோள்ல பை, கையில பேனா, உள்ள வரலாமா வேண்டாமான்னு முகத்துல ஒரு தயக்கம். இன்ஷூரன்ஸுக்கும் ஆராய்ச்சிக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே கிடையாது பாத்துக்கிடுங்க. ஆக, முக்கால்வாசி சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

யாரைப் பாக்கணும்? தங்கபுஷ்பத்தையா? அவ மார்க்கெட்டுக்குப் போயிருக்கா, வந்துருவா. ஞானதுரை நாவலைப் பத்தின்னா அவகிட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க? அந்த ஆளுக்குக் காபி போட்டுக் குடுத்தா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். என்கிட்ட கேளுங்க. அவ புருசன் தளவாய் நான்தான். பஸ் கம்பெனியில செக்கரா இருந்து ரிட்டயர் ஆனவன். பஸ்ல ஏறி நின்னு ஒரு பார்வை பாப்பேன், டிக்கெட் எடுக்காதவன் யாருன்னு சொல்லிருவேன். சில சமயம் அவன் டிக்கெட் எடுத்திருப்பான். ஆனா எடுக்காம இருந்திருக்கலாமோங்கற யோசனை அவன் மனசுல ஓடியிருக்கும். அந்த யோசனையைத்தான் நான் பிடிப்பேன்.

ஆராய்ச்சிக்கு என்ன தலைப்பு சொன்னீங்க? யோசிச்சுக் கண்டுபிடிக்கிற துப்பறிவாளர் கதைக்குள்ள எப்படி வந்தார்? நல்ல கேள்வி. மத்த எழுத்தாளங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. ஞானதுரை கதைக்குள்ள எப்படி வந்தார்னா, இந்த வீட்டுலயிருந்துதான் வந்தார். துப்பறியும் செவ்வந்தின்னு படிச்சிருப்பீங்களே, அது நான்தான். என்ன தாயி இருமுறீங்க? தண்ணி வேணுமா?

முதல்லயிருந்து சொல்றேன். செல்போன் எல்லாம் வராத காலம். ஞானதுரை நம்ம மாடியில குடியிருந்தான். நாசரேத்துக்காரன், கல்யாணம் ஆகாதவன். இங்க கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதிக்கிட்டு, மாசாமாசம் ஒரு துப்பறியும் நாவல் எழுதுவான். அப்போ அவன் கதையில வந்த ஆள் பேரு கேப்டன் மார்த்தாண்டன். அந்தக் கேப்டன் என்ன செய்வான்னா, குதிப்பான். ஹெலிகாப்டர்லயிருந்து குதிப்பான், ஓடுற ரயில்லயிருந்து குதிப்பான், ஒரு தடவை கலங்கரை விளக்கத்துலயிருந்தே குதிச்சான். குதிச்சு எந்திரிச்சு ரெண்டு குத்து விடுவான், திருடன் உண்மையைச் சொல்லிருவான். கதை முடிஞ்சுபோகும்.

ஒருநாள் பதிப்பாளர் சிவகாசியிலயிருந்து நேர்ல வந்துட்டார். இதே கூடத்துல உக்காந்துதான் பேசுனார்.

"ஞானதுரை, உங்காளு ரொம்பக் குதிக்கான். படிக்கிறவங்களுக்கு அலுத்துப்போச்சு. கொஞ்சம் உக்காந்து யோசிக்கச் சொல்லுங்க."

"யோசிச்சா?"

"யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். தடயத்தைப் பாக்கணும், அதுலயிருந்து இது, இதுலயிருந்து அதுன்னு போகணும். முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பாத்துக்கிடுறேன்."

அவர் போனப்புறம் ஞானதுரை இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். "அண்ணாச்சி, யோசிக்கிற ஆளை நான் பக்கத்துல இருந்து பாத்ததே இல்லையே, எப்படி எழுதுவேன்?"ன்னு கேட்டான். எனக்குப் பாவமா இருந்துச்சு. "ஏம்ப்பா, மாடியில உக்காந்து மோட்டுவளையைப் பாத்தா எப்படித் தெரியும்? கீழ இறங்கி வா, என்கூட இரு"ன்னேன். யோசிக்கிற துப்பறிவாளர் பொறந்தது அந்த நிமிசந்தான். இதை எழுதிக்கிடுங்க.

எழுதலையா? சரி, பொறவு எழுதுங்க.

முதல் கேஸ், அடுத்த வீட்டுச் சொர்ணத்தோட அண்டா. செம்பு அண்டா, வெந்நீர் போடுறது. காலையில எந்திரிச்சுப் பாத்தா காணோம். சொர்ணம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்தா. நான் ஞானதுரையைக் கூட்டிக்கிட்டுப் போய் அவங்க பின்கட்டைப் பாத்தேன். சாம்பல்ல ஒரு காலடி. ஒரு பக்கம் அழுத்தமா, ஒரு பக்கம் லேசா. திருடன் நொண்டி. அடுப்புக்கு இடது பக்கம் கரி சிதறியிருந்துச்சு. அப்போ இடதுகைக்காரன். தரையில ஒரு ஆட்டுப் புழுக்கை. அப்போ ஆட்டு வியாபாரி. பாத்தீங்களா, அதுலயிருந்து இது, இதுலயிருந்து அது!

சந்தைக்கு வந்த ஆட்டு வியாபாரிகள்ல இடதுகைக்கார நொண்டி ஒருத்தன் இருக்கணுமே. இருந்தான் தாயி! விளாத்திகுளம் பக்கத்து ஆளு. பிடிச்சுக்கொண்டாந்து நம்ம வீட்டு பெஞ்சுல உக்கார வச்சுட்டோம். அவன் "சாமி, நான் எடுத்த அண்டாவை எங்க வச்சிருக்கேன்னு நீங்களே சொல்லிருங்க, எடுத்துக் குடுத்துட்டு ஆட்டைப் பாக்கப் போறேன்"ன்னு அழுதான். ஒப்புக்கிட்ட மாதிரிதான் அது.

அப்போ தங்கபுஷ்பம் அந்த ஆளுக்குக் காபி கொண்டாந்து குடுத்தா. நான் விசாரணை பண்ணிக்கிட்டிருக்கேன், இவ காபி குடுக்கா! குடுத்துட்டு, சம்பந்தா சம்பந்தமில்லாம சொர்ணத்துக்கிட்ட கேட்டா.

"நேத்து உங்க மாமியா ஊருக்குப் போனாங்களே, பஸ்லயா போனாங்க?"

"இல்ல மதினி, ஆட்டோவுல."

"அம்புட்டு தூரம் வெயில்ல நடந்து பஸ் ஏறுறவங்க, நேத்து மட்டும் ஏன் ஆட்டோ பிடிச்சாங்க?"

சொர்ணம் தலையில அடிச்சுக்கிட்டா, அப்பத்தான் விசயம் வெளிய வந்துச்சு. அந்த அண்டா மாமியாரோட சீதனமாம். மருமகளோட சண்டை, தூக்கிட்டுப் போயிருச்சு கிழவி. சாயங்காலமே அண்டா திரும்பி வந்துருச்சு.

பொம்பளைங்களுக்கு ஊர் வம்பு தெரிஞ்சிருக்கும், அதை ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த மாமியாருக்கு முட்டி வலி. நடந்தா ஒரு பக்கம் சாயும். நொண்டின்னு நான் சொன்னேனா இல்லையா?

அதுக்கப்புறம் ஞானதுரை தெனமும் கீழ வர ஆரம்பிச்சான். ஆனா என் பக்கத்துல உக்கார மாட்டான். அடுக்களை வாசப்படியில போய் உக்காந்துக்கிடுவான். தங்கபுஷ்பம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பா, இவன் வாயைப் பிளந்து கேப்பான். எனக்கு முதல்ல புரியல. பொறவு யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். என் பக்கத்துல உக்காந்தா என் மூளை ஓடுற வேகத்துல அவனுக்குத் தலை சுத்தும். எட்ட இருந்துதான் பாக்க முடியும். அடுக்களை வாசப்படியிலயிருந்து பாத்தா என் நாற்காலி நல்லாத் தெரியும். நீங்களே போய் உக்காந்து பாருங்க. கொஞ்சம் கழுத்தைத் திருப்பணும்.

பெரிய கேஸ்னா ஆவுடையப்பன் சார் வீட்டு நிச்சயதார்த்தம். எதுத்த வீடு. ரிட்டயர் ஆன வாத்தியார், ஒரே மக, பேரு வடிவு. மாப்பிள்ளை தூத்துக்குடி. உப்பு கம்பெனியில மேனேஜரு. ஒரு வேன்ல வந்து இறங்குனாங்க. தட்டெல்லாம் பரப்பியாச்சு. நானும் ஞானதுரையும் முன்வரிசையில உக்காந்திருக்கோம்.

மாப்பிள்ளையைப் பாக்கேன். கூட்டத்துல யாரோட பச்சப்பிள்ளையோ அழுதுச்சு. இவன் சட்டுன்னு வாங்கித் தோள்ல போட்டு, கழுத்துக்குக் கை குடுத்து, முதுகைத் தட்டுனான் பாருங்க, அது பழகின கை. கல்யாணமாகாத பயலுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? அவன் குனியும்போது சட்டைப் பையிலயிருந்து ஒரு சின்ன பாட்டில் விழுந்துச்சு. கிரைப் வாட்டர்! எனக்குப் புல்லரிச்சுப்போச்சு. வேன் டிரைவர் வேற நடுவுல ரெண்டு தடவை அடுக்களைக்கு வந்து வெந்நீர் கேட்டான். அதையும் நான் விடல. அவனுக்கு வயித்துக் கோளாறுன்னு குறிச்சு வச்சுக்கிட்டேன். ஆனா அது கேஸுக்குச் சம்பந்தமில்லாதது. எது வேணும், எது வேண்டாம்னு ஒதுக்கத் தெரியணும்ல தாயி, அதுதான் துப்பறியறது.

தாம்பூலம் மாத்துற நேரத்துல எந்திரிச்சேன். "நிறுத்துங்க! இந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டியும் பிள்ளையும் இருக்கு!"

மாப்பிள்ளை பாட்டிலைக் கையில பிடிச்சுக்கிட்டு வாயே திறக்காம நிக்கான். அவங்கம்மா முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டாங்க. ஆவுடையப்பன் சார், அம்புட்டு சாதுவான மனுசன், சம்பந்தியோட சட்டையைப் பிடிச்சுட்டார். வடிவு உள்ள ஓடிப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. அவங்கம்மா "ஏ வடிவு, கதவைத் திறட்டி, எதுவும் பண்ணிக்கிடாதட்டி"ன்னு கத்துதாங்க. ஒரே களேபரம். என் சட்டையும் கிழிஞ்சுச்சு. உணர்ச்சிவசப்பட்டவங்க யாரைப் பிடிக்கிறோம்னு பாக்கறதில்ல.

தங்கபுஷ்பம் அடுக்களையிலயிருந்து ஈரக்கையைத் துடைச்சுக்கிட்டே வந்தா. கூட்டத்தை விலக்கிக்கிட்டு அந்தத் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கிட்ட போய் மெதுவாப் பேசுனா. ஞானதுரை பக்கத்துல போய் நின்னு கேட்டிருக்கான், பொறவு அவன்தான் எனக்குச் சொன்னான்.

"வடிவு, நான் சொல்றதைக் கேளு. பொண்ணு பாக்க வந்தப்போ மாப்பிள்ளைக்கு ஒரு அக்கா உண்டுன்னு சொன்னாங்களா இல்லையா? ஒரே தம்பி நிச்சயத்துக்கு அந்த அக்கா ஏன் வரல? டிரைவர் ரெண்டு தடவை வெந்நீர் கேட்டு வந்தாரு, பால் பாட்டில் கழுவுற மாதிரி கொதிக்கக் கொதிக்கக் கேட்டாரு. ஆம்பளை டிரைவருக்கு அது எதுக்கு? அந்த அம்மா முகத்தைப் பாத்தேன். பொய் சொல்லி மாட்டிக்கிட்டவங்க முகமில்ல அது. பெத்த பிள்ளையை ஒளிச்சு வச்சிட்டு வந்தவங்க முகம். நீ வெளிய வந்து அவருகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளு. பதில் பிடிக்கலைன்னா மறுபடி தாழ்ப்பாள் போட்டுக்கோ."

கதவு திறந்துச்சு. வடிவு நேர மாப்பிள்ளை முன்னால வந்து நின்னா.

"உங்க அக்கா எங்க?"

அந்தப் பய பொசுக்குன்னு அழுதுட்டான். "வேன்ல இருக்கா. கைக்குழந்தையோட. அவளைப் புருசன் விட்டுட்டுப் போயிட்டான். தெரிஞ்சா சம்பந்தம் நடக்காதுன்னு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. என்னால அவளை ஊர்ல விட்டுட்டு வர முடியல."

தெருக்கோடியில வேப்பமரத்தடியில வேனு நின்னுச்சு. கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டு, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, வெக்கையில அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சாம். தம்பி நிச்சயத்துக்குன்னு கட்டுன சேலை. தங்கபுஷ்பம்தான் போய்க் கூட்டிக்கிட்டு வந்தா. பிள்ளையை வடிவே வாங்கிக்கிட்டா. வாத்தியார் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "தட்டை மாத்துங்க"ன்னார். மூணாம் வாரம் கல்யாணம். இன்னைக்கும் பொங்கலுக்கு அந்த வீட்டுலயிருந்து உப்பு மூட்டை வருது. தங்கபுஷ்பம் பேருக்குத்தான் வருது. எதனாலன்னு எனக்கு விளங்கல.

ஏன்னா நல்லா யோசிச்சுப் பாருங்க தாயி. அங்க ஒரு குழந்தை இருக்குன்னு முதல்ல சொன்னது யாரு? நான். இருந்துச்சா? இருந்துச்சு. யாரு குழந்தைங்கறது சின்ன விவரம்.

சரி, நாவல் வந்துச்சு. மஞ்சள் அட்டை. ஞானதுரை ரெண்டு பிரதியோட கீழ வந்தான். ஒண்ணைத் தங்கபுஷ்பம் கையில குடுத்து, குனிஞ்சு கால்ல விழப் போனான். அவ "ஐயய்ய, என்ன இது"ன்னு உள்ள ஓடிட்டா. வீட்டுக்காரம்மா மேல அவனுக்கு மரியாதை, வாடகை ஏத்தினதே இல்லையே. இன்னொண்ணை நான் வாங்கி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

என்னைப் பொம்பளையா மாத்திட்டான்!

செவ்வந்தின்னு ஒருத்தி. அடுக்களையில உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டே கொலைகாரனைக் கண்டுபிடிக்கா. அவ கண்டுபிடிக்கிற முறையெல்லாம் அப்படியே என்னோடது. அண்டா, வெந்நீர், குழந்தை எல்லாம் நான் பாத்த கேஸு. எனக்குச் சேலையைக் கட்டிவிட்டுட்டான்! அவளுக்கு ஒரு புருசன். ஏகாம்பரம்னு பேரு, ரிட்டயர்ட் ரயில்வே கார்டு. அவன் இருக்கானே, அப்படி ஒரு முட்டாளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. எடுத்த எடுப்புல தப்பான ஆளைப் பிடிப்பான். அடி வாங்குவான். கடைசியில, "நான் அப்பவே சொன்னேன்"பான். எங்கேயிருந்துதான் பிடிச்சானோ அந்த ஆளை. ஞானதுரை தன்னையே வச்சு எழுதியிருக்கணும். அவனுக்கு மீசை இல்ல, ஏகாம்பரத்துக்கு மீசை உண்டு. அது வேசம் மாத்துறது. எனக்கும் மீசை உண்டுதான், என்னது கீழ் நோக்கி வளைஞ்சது.

மாடிக்குப் போய் நேராவே கேட்டேன். "ஏன்யா, செவ்வந்தி யாரு? மறைக்காமச் சொல்லு."

அவன் வேர்த்துப்போய்ட்டான். "அண்ணாச்சி... உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா? கோவமா?"

"முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஏன் பொம்பளையாக்குன?"

அவன் வேர்வையைத் துடைச்சுக்கிட்டான். பொறவு ரொம்ப மெதுவா, "ஆள் அடையாளம் தெரியக்கூடாதுல்ல அண்ணாச்சி"ன்னான். அதுவும் நியாயந்தான். மன்னிச்சு விட்டுட்டேன்.

செவ்வந்தி ஓஹோன்னு ஓடுனா. மாசாமாசம் ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுல தொங்கும். டீக்கடைக்குப் போனா, "வாங்க ஏகாம்பரம்!"பானுங்க. என் ரகசியத்தைக் காப்பாத்தணும்னு பேரை மாத்திக் கூப்பிடுறாங்க, நல்ல பசங்க.

ஒரு பேர் வந்துட்டா பொறுப்பும் வந்துருதுல்ல. தெருவுல நடந்தா என் கண்ணு சும்மா இருக்காது. அப்படித்தான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனைப் பாத்தேன். போலீஸ் பூட்சு, போலீஸ் கிராப்பு, ஆனா கைலி கட்டிக்கிட்டு நிக்கான். போலி போலீஸ்! பாய்ஞ்சு பிடிச்சுட்டேன். அந்த ஆளு மஃப்டியில ஒரு திருடனுக்காகக் காத்திருந்த நிசப் போலீஸ். திருடன் ஓடிட்டான். கூட்டம் என்னைத்தான் திருடன்னு நினைச்சு நாலு சாத்து சாத்திருச்சு. ஸ்டேஷன்ல பெஞ்சுல உக்காந்திருந்தேன். தங்கபுஷ்பம் வந்தா. அந்த மஃப்டி ஆளுகிட்ட என்னமோ பேசி, கையெடுத்துக் கும்பிட்டா. அவ யாரையும் கும்பிட்டு நான் பாத்ததில்ல. எனக்கு அது பிடிக்கல.

வீட்டுக்கு வந்து கன்னத்துக்கு மஞ்சப்பத்து அரைச்சுப் போட்டா. "வலிக்குதா?"ன்னா. "வலிக்கு எல்லாம் செவ்வந்தி பயப்படுவாளா?"ன்னேன். அவ பத்துக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

மறுநாள் மாடிக்குப் போனா. அத்தனை வருசத்துல அவ மாடி ஏறுனது அன்னைக்குத்தான். ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க. அடுத்த நாவல் வந்துச்சு. அதுதான் கடைசி.

அதைப் படிச்சுட்டு என் ரத்தம் கொதிச்சுப்போச்சு. அதுல செவ்வந்தி திணறுறா. ஒண்ணுமே தெரியல அவளுக்கு. கடைசியில யாரு கண்டுபிடிக்கான் தெரியுமா? ஏகாம்பரம்! அந்த முட்டாப்பய! ஊரே அவனுக்கு மாலை போடுது. யாராவது நம்புவாங்களா தாயி? வாசகருங்க திட்டித் தீத்துட்டாங்க. விக்கல. பதிப்பாளர் நிறுத்திட்டார். நான் மாடிக்கு ஓடினேன். "ஏன்யா என்னைக் கவுத்துட்ட?"

"அக்கா கேட்டுக்கிட்டாங்க அண்ணாச்சி. அவங்க அதுவரைக்கும் என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

தன் பிழைப்பையே கெடுத்துக்கிட்டான் பாருங்க, ஒரு காபி நன்றிக்கு. கொஞ்ச நாள்ல ஊரோட போய்ட்டான். இப்ப இல்ல, தவறிட்டான்.

தங்கபுஷ்பத்துக்கிட்ட கேட்டேன். "என் பேரைக் கெடுக்கணும்னு உனக்கு என்ன ஆசை?"

"உங்க பேரை யாரு கெடுத்தா? அந்த ஏகாம்பரம் பாவம், எம்புட்டு அடி வாங்குறாரு. ஒரு தடவையாவது ஜெயிக்கட்டுமேன்னு தோணுச்சு."

"அவன் ஒரு கதைப் பய. அவன் ஜெயிச்சா உனக்கென்ன, தோத்தா உனக்கென்ன?"

புளியைக் கரைச்சுக்கிட்டிருந்தா.

இன்னைக்கும் அந்தக் கடைசி நாவலை மட்டும் எடுத்து வச்சுப் படிப்பா தாயி. மத்ததெல்லாம் எங்க கிடக்குன்னே அவளுக்குத் தெரியாது. இது மட்டும் அட்டை கிழிஞ்சு, கோந்து வச்சு ஒட்டி வச்சிருக்கா. ஒருநாள் படிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தா. எந்த இடம்னு வாங்கிப் பாத்தேன். கடைசிப் பக்கம். ஏகாம்பரம் ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வாரான். செவ்வந்தி அடுக்களையிலயிருந்து காபி கொண்டாந்து வைக்கா. எதுத்தாப்புல உக்காந்து, "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"ன்னு கேக்கா. அவன் சொல்லிக்கிட்டே இருக்கான். அவ கேட்டுக்கிட்டே இருக்கா. அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு.

நானும் திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாத்துட்டேன் தாயி. அழறதுக்கு அதுல என்ன இருக்கு? ஒரு துப்பு கூடக் கிடையாது.